கேசட்டில் மிச்சமிருந்தது

மைக்கைப் பிடித்துக்கொண்டு யாராவது எதிரே வந்தால் நான் இன்றைக்கும் பாதை மாறிப் போய்விடுவேன். பயமெல்லாம் இல்லை, அருவருப்பு. அந்த மைக்கின் முனையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சைப் பார்த்தாலே குமட்டும். ஒரு காலத்தில் அதன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கலிபோர்னியாவின் பே ஏரியாவில், ஃப்ரீமாண்டில் ஓர் அபார்ட்மெண்ட்டின் மேல்வீட்டில் இருந்தோம். கணவருக்கும் எனக்கும் சாஃப்ட்வேர் வேலை. இரண்டு பேரும் விசாவில் இருந்தோம். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டுத் தபால்பெட்டியைத் தினமும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த காலம் அது. மகளுக்கு இரண்டு வயது.

கலிபோர்னியாவில் ஒரு வழக்கம் உண்டு. சட்டசபை முடிவு செய்யவேண்டிய விஷயத்தைச் சில சமயம் நேராக மக்களிடமே கேள்வியாகப் போட்டுவிடுவார்கள். ஆமா, இல்லை என்று ஓட்டுப் போட வேண்டும். ஆமா அதிகமாக விழுந்தால் அது சட்டம். அந்த வருடம் வந்த கேள்வி, விசா மாதிரி எந்தப் பேப்பரும் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களைப் பற்றியது. அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது, அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கக் கூடாது, சந்தேகம் வந்தால் டீச்சரே இமிக்ரேஷனுக்குச் சொல்லிவிட வேண்டும். இது வேண்டும் என்கிறவர்கள் ஆமா போட வேண்டும். எங்களுக்கு ஓட்டே கிடையாது. அதனால் இது எங்கள் வீட்டு விஷயம் இல்லை என்று நாங்கள் சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு மனிதர் தோட்டவேலை செய்கிறவர். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. பகலில் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாதான். டேகேரில் விட்ட மூன்று மாதமும் மூக்கொழுகிக்கொண்டே இருந்த பிள்ளை, அவர் கைக்குப் போனபிறகுதான் கன்னத்தில் சதை வைத்தாள். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மூன்றாம் வகுப்புப் பெண்தான் மொழிபெயர்ப்பாளர். அவர்களிடம் பேப்பர் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்று இருந்துவிட்டோம்.

காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது ஓர் எவர்சில்வர் டப்பாவில் இட்லியோ, வெண்பொங்கலோ எடுத்துப் போவேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வழக்கம். அவர்கள் ஊரிலும் அப்படித்தானோ என்னவோ, நான் எதுவும் சொல்லாமலே சாயங்காலம் அந்த டப்பா நிறைந்து வரும். நான் கறி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்தபிறகு, சோள மாவுக்குள் பீன்ஸ் மட்டும் வைத்து அவித்துத் தருவார். பட்டை போட்டுக் காய்ச்சிய அரிசிப் பாயசம் தருவார். ஒன்றரை வருடம் அந்த டப்பா ஒருநாளும் காலியாகப் படியேறி வந்ததில்லை.

அது தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இந்தியன் ஸ்டோருக்குப் பருப்பும் உளுந்தும் வாங்கப் போயிருந்தோம். என் கணவர் ஒரு பழைய வீடியோ கேமராவைப் புதிதாக வாங்கியிருந்தார். தோளில் தூக்கிவைத்துக்கொள்கிற பெரிய சைஸ். சாதாரண விஎச்எஸ் கேசட்டை அப்படியே உள்ளே சொருகலாம். அதை வாங்கிய நாளிலிருந்து மனுஷர் எதைக் கண்டாலும் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தோசை சுட்டால் எடுப்பார். பிள்ளை தும்மினால் எடுப்பார்.

கடையைவிட்டு வெளியே வந்தால், பார்க்கிங்கில் ஒரு டிவி வேன் நிற்கிறது. காற்றே அடித்தாலும் ஒரு முடிகூட அசையாத தலையோடு ஒரு ரிப்போர்ட்டர் பெண். கடைக்கு வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்துவிட்டு நழுவினார்கள். நான் நழுவவில்லை. இவர் அந்தப் பக்கம் கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டார். பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். லேசாகக் காற்றடித்தது என்று அவள் தலையில் மஞ்சள் குல்லாவை இழுத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மா பின்னிக் கொடுத்த குல்லா அது.

ரிப்போர்ட்டர் முதலில் இந்த ஓட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. இங்கேதான் அவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். 'நீங்கள் சட்டப்படி வந்தவர்கள்தானே? எத்தனை வருடமாகக் காத்திருக்கிறீர்கள்?' என்றுதான் ஆரம்பித்தாள். விசாவில் இருக்கிறவளிடம் அதைக் கேட்டால் போதாதா? எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இமிக்ரேஷன் ஆபீஸ் வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு கால்கடுக்க நின்றது, வக்கீல் தொலைத்த சர்டிபிகேட், எப்போது கேட்டாலும் பெண்டிங் என்கிற பதில், எல்லாவற்றையும் கொட்டினேன். 'நாங்கள் வரிசையில் நிற்கிறோம். எல்லாரும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். குறுக்கே புகுந்து வருவது நியாயமே இல்லை' என்றேன். கையை வேறு ஆட்டினேன்.

அதற்கப்புறம்தான் அவள் ஓட்டைப் பற்றிக் கேட்டாள். 'ஆனால் குழந்தைகள் என்ன செய்தார்கள்? குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்துவது அசிங்கம். டீச்சர் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது' என்றேன். இதையும் நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். இந்த இடத்தில் சத்தியம் செய்ய வேண்டிய கதிக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மத்தியானம் இவர் அந்தக் கேசட்டை விசிஆரில் போட்டு இரண்டு முறை பார்த்தார். எனக்கு என் மூஞ்சியை நானே பார்க்கப் பிடிக்காது. சமையலறையை விட்டு வரவில்லை. பார்த்து முடித்து ஆரம்பத்துக்கே ரீவைண்ட் செய்து வைத்தார். சாயங்காலம் ஆறு மணி நியூஸ். ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். எடுத்த எடுப்பில் தலைப்புச் செய்தியிலேயே அந்தக் கடை, அந்தப் பார்க்கிங். இவர் பதறிப்போய் எழுந்தார். வீட்டில் வெறும் கேசட் ஒன்றுகூட இல்லை. மற்றதிலெல்லாம் சினிமா, போன வருடத் தமிழ்ச் சங்க விழா, பிள்ளையின் பிறந்தநாள். விசிஆருக்குள்ளேயே இருந்த கேசட் மேல் ரெக்கார்டை அமுக்கிவிட்டார்.

அதாவது, நான் முழுசாகப் பேசிய பேச்சின் மேலேயே, அவர்கள் வெட்டிக் காட்டிய பேச்சைப் பதிந்துவிட்டார். 'டிவில வந்ததுதானே ஒரிஜினல்' என்று அவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தக் காரியத்தை நம்மவர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நேரில் நடந்ததைவிட டிவியில் வந்தால்தான் நமக்கு அது நடந்த மாதிரி.

இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடிய செய்தி அது. முதலில் இருட்டில் வேலியைத் தாண்டி ஓடுகிற ஏழெட்டுப் பேர். பிறகு நெரிசலான ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. பிறகு நான். இடுப்பில் குழந்தை, பின்னால் கடையின் விநாயகர் படம். 'நாங்கள் வரிசையில் நிற்கிறோம். எல்லாரும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். குறுக்கே புகுந்து வருவது நியாயமே இல்லை.' பதினோரு விநாடி. கீழே ஒரு பட்டையில், சட்டப்படி வந்தவர் என்று எழுத்து. முடி அசையாதவள் கடைசியில் வந்து, குடியேறியவர்களே இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டுச் சொன்னாள்.

எனக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பரவாயில்லையே, முகம் எடுப்பாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். உறைப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கும் மறுநாளும் அடித்த போன்களை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. 'டிவில வந்தீங்களாமே, அந்தச் சுடிதார் எங்க எடுத்தது?' என்று ஒருத்தி. 'பாப்பா சமத்தா இருந்தா, அழவே இல்ல' என்று இன்னொருத்தி. என்ன பேசினேன் என்று ஒரு ஜென்மம் கேட்கவில்லை. பேச்சைக் காதில் வாங்கியது ஒரே ஒருத்தர், எங்கள் பக்கத்தில் ரெஸ்டாரண்ட் வைத்திருந்த அங்கிள். 'நல்லாச் சொன்னேம்மா. நம்மள மாதிரி லீகலா வந்தவங்க வாய் திறந்து பேசணும்' என்றார். அவர் கிச்சனில் மாவாட்டிக்கொண்டிருந்த தஞ்சாவூர்க்காரருக்கு விசா முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது என்பது பே ஏரியாவில் இட்லி தின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

இவர் சும்மா இருப்பாரா? ஃப்ரெண்ட் வீட்டு விசிஆரையும் தூக்கிவந்து ஒயரைச் சொருகி, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் நாலு காப்பி போட்டார். அமெரிக்கக் கேசட் ஊர் டெக்கில் ஓடாது. அதற்காகவே மாற்றிக் கொடுக்கிற கடையில் கொடுத்து, இந்தியா போகிற ஒரு குடும்பத்தின் பெட்டியில் ஈரோட்டுக்கு அனுப்பிவைத்தார். மாமியார் போனில், 'கண்ணு, பெரியவங்க எல்லாத்தையும் கூப்புட்டுப் போட்டுக் காட்டுனோம். இங்கிலீஷ்ல என்னமா பேசறே' என்றார். நான் போனை இவர் கையில் திணித்துவிட்டுப் போனேன்.

அதற்கு முன்பே திங்கட்கிழமை வந்துவிட்டது. காலையில் பிள்ளையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவு தட்டுவதற்குள் திறந்தது. அந்த அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டார். எப்போதும் வாங்கியவுடன் உச்சியில் ஒரு முத்தம் வைப்பார், அன்றைக்கும் வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். புத்தகப் பை முதுகில் மாட்டிய பெண் என் முன்னால் வந்து நின்றாள்.

டிவியில் உங்களைப் பார்த்தோம், குல்லாவை அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார் என்று தயங்கினாள். இன்றைக்கு என்னை ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார் என்றாள்.

கேட்டது கிண்டலுக்கு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் படித்தவள், ஆபீஸ் போகிறவள், டிவியில் பேசுகிறவள், அதனால் எனக்கு உள்விவரம் தெரிந்திருக்கும் என்று அந்த அம்மா நிஜமாகவே நம்பிக் கேட்டார். தாராளமாகப் போகலாம், நான் அப்படிச் சொல்லவில்லை, பாதியை வெட்டிவிட்டார்கள் என்று படபடவென்று சொன்னேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதை எப்படி விளக்குவது? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனால் பேசினது நீங்கள்தானே என்று கேட்டாள். அவள் அம்மாவிடம் என்ன மொழிபெயர்த்தாளோ தெரியாது. அந்த அம்மா என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அன்றைக்கே ஆபீஸிலிருந்து டிவி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். நாலு பேர் கைமாறி ஒரு ஆள் வந்தான். தேன் ஒழுகப் பேசினான். நேரம் குறைவு, முக்கியமான பகுதியை மட்டும் எடுப்பது வழக்கம் என்றான். நான் சொன்ன மீதி எங்கே என்றால், அதையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை என்றான். சரி, திருத்திப் போடுங்கள் என்றேன். திருத்த என்ன இருக்கிறது, உங்கள் வாயிலிருந்து வராத ஒரு சொல்லையும் நாங்கள் காட்டவில்லையே என்றான். அது உண்மை. அந்த உண்மையைப் போல் அசிங்கமான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? வியாழக்கிழமை ஸ்டுடியோவில் ஒரு விவாதம் இருக்கிறது, வருகிறீர்களா, நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றான்.

போகலாம் என்றுதான் இருந்தேன். நேரலைதானே, வெட்ட முடியாது, மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். இவர்தான் கதவருகே நின்று, 'கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருப்போமா? யார் பாப்பாவ பாத்துக்கறாங்கன்னு அவன் டிவில கேட்டான்னா என்ன சொல்லுவே?' என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். இவர்மேல் பழியைப் போடலாம். ஆனால் கழற்றியது என் கால்தான்.

அந்தச் செருப்பைக் கழற்றியபின் ஓட்டு நாள் வரை ஓடிய மூன்று வாரத்தை நான் வேடிக்கைதான் பார்த்தேன். அதே ஏழெட்டுப் பேர் தினமும் வேலியைத் தாண்டி ஓடினார்கள். எத்தனை தடவை ஓடினாலும் அதே ஏழெட்டுப் பேர்தான். ஆனால் பார்க்கிறவனுக்கு ஊரே ஓடிவருகிற மாதிரி இருந்தது. அந்த ஓட்டம் முடிந்ததும் என் பதினோரு விநாடி. வேறொரு சேனல் அதை வாங்கிப் போட்டது. ஃப்ரீவேயில் போகும்போது ரேடியோவில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். அவனும் ஒருநாள் என்னைச் சொன்னான், இடுப்பில் குழந்தையோடு நிற்கிற அந்த இந்தியப் பெண்ணுக்குப் புரிகிறது, உங்களுக்குப் புரியவில்லையா என்று. எதிர்த்தரப்புக்காரர்களையும் காட்டினார்கள். அவர்களில் கத்துகிறவர்களாக, வேறு நாட்டுக் கொடி பிடித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் காட்டினார்கள். என்னை அமைதியான நல்ல முகமாகக் காட்டினார்கள். எப்படித்தான் சோறு இறங்கியதோ அவர்களுக்கு.

ஆபீஸில் என் பக்கத்து க்யூபிகிளில் ஓர் அமெரிக்க அம்மாள். தங்கமான மனுஷி. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையையும் சேர்த்துச் செய்வாள். ஒருநாள் காபி எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன், 'இல்லை' போட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன், உன்னை டிவியில் பார்த்ததும் தெளிவாகிவிட்டது, உன்னைப் போன்றவர்களே சொல்லும்போது அதில் தப்பு இருக்காது இல்லையா என்றாள். நான் விளக்கப் பார்த்தேன். பாவம், முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, அடடா, தபால் ஓட்டை நேற்றே அனுப்பிவிட்டேனே என்றாள்.

எனக்கு ஓட்டே கிடையாது. ஆனால் எத்தனை பேர் கையைப் பிடித்து ஓட்டுப் போட்டிருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். இரண்டு முறை குளித்தேன்.

ஆமா ஜெயித்தது. மறுநாள் காலை கீழே போனபோது, பள்ளிக்கூட நேரத்தில் அந்தப் பெண் ஜன்னல் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பை சுவரில் மாட்டியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மொழிபெயர்க்க வேண்டியவள் அவள்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். பிள்ளையின் மாற்றுத் துணி, பால் பாட்டில், சின்னத் தலையணை எல்லாவற்றையும் துவைத்து, கழுவி, மடித்து ஒரு பையில் வைத்திருந்தார். சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். எந்த ஊர் என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாது என்றாள். என்னிடம் முதன்முதலாக ஒன்றை மறைத்தாள். சொல்லக் கூடாதவர்கள் பட்டியலில் நான் சேர்ந்துவிட்டேன் என்று புரிந்தது.

அந்த அம்மா பிள்ளையின் உச்சியில் முத்தம் வைத்து என் கையில் கொடுத்தார். மேலே வந்து பையைப் பிரித்தேன். துணிகளுக்கு அடியில் என் எவர்சில்வர் டப்பா, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் அபார்ட்மெண்ட் மேனேஜர் வாடகைக்கு என்று போர்டு மாட்டினார். அந்தச் சட்டத்தைப் பிறகு கோர்ட் நிறுத்திவைத்தது. அதை அதே டிவியில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, வானிலைக்குப் போனார்கள்.

அதிலிருந்து ஏழு வருடம் நான் டிவிக்காரர்களைத் திட்டினேன். பார்ட்டியில் திட்டினேன், ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவருகிற பாட்லக்கில் திட்டினேன், புதிதாகப் பழகியவர்களிடம் முதல் சந்திப்பிலேயே திட்டினேன். 'பாதிய வெட்டிட்டானுங்க' என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். அடுத்தபடி இவரைத் திட்டுவேன். 'முழுப் பேச்சும் கேசட்ல இருந்துது. கொண்டுபோய்க் கீழ போட்டுக் காட்டியிருந்தா அவங்க போயிருப்பாங்களா? அது மேலயே ரெக்கார்ட் பண்ணின புண்ணியவான் இவர்' என்பேன். எத்தனை பேர் முன்னால் சொன்னாலும் இவர் ஒரு வார்த்தை பதில் பேசமாட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்வேன்.

கிரீன் கார்டு வந்தது. கம்பெனி மாறி டெக்ஸஸ் போனோம். 2001 கோடையில் இர்விங்கில் சொந்த வீடு. பெட்டி பிரிக்கிற வாரம், மகளுக்கு ஒன்பது வயது. பழைய கேசட்டெல்லாம் இருந்த பெட்டியைத் தோண்டி, 'அம்மா டிவி' என்று இவர் கையெழுத்தில் எழுதியிருந்த ஒன்றை எடுத்தாள். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம். ஷெல்ஃபில் பேப்பர் விரித்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்தேன். வேலி, ஆஸ்பத்திரி, நான். மகள் இங்கிலீஷில், 'அம்மா, யு லுக் சோ யங்' என்று சிரித்தாள்.

நாங்கள் எப்போது போட்டாலும் செய்தி முடிந்தவுடன் நிறுத்திவிடுவோம். பிள்ளைகள் நிறுத்துமா? கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சொரசொரப்பு, கோடு கோடாக வெள்ளை. பிறகு மறுபடி அதே பார்க்கிங், ஆனால் வேறு கோணம், ஆடிக்கொண்டிருக்கிற படம். இவர் எடுத்தது. செய்தி இரண்டு நிமிடம்தான். நான் பேசியது அதைவிட அதிகம். அதன் வால் ஒரு நிமிடம் அழியாமல் அங்கேயே இருந்திருக்கிறது. நான் பேப்பரைப் போட்டுவிட்டு டிவி முன்னால் வந்து நின்றேன். 'ஆனால் குழந்தைகள்' என்று நான் சொன்னது அதில் இருக்கும், என் சாட்சி அதில் இருக்கும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

குழந்தைகளைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டிருந்தது. அது அழிந்துபோன பகுதியில் இருந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டர் மைக்கை என் பக்கம் நீட்டி, கடைசியாக ஒன்று, இதனால் பாதிக்கப்படுகிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, அக்கம்பக்கத்தில், நண்பர்களில் என்று கேட்கிறாள்.

நான் சிரிக்கிறேன். 'நோ, நோ' என்கிறேன். 'எங்களுக்கு அந்த மாதிரி ஆட்களையெல்லாம் தெரியாது' என்று இங்கிலீஷில் சொல்கிறேன். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருக்கிற பிள்ளையின் மஞ்சள் குல்லாவைக் காதுவரை இழுத்துவிடுகிறேன்.

பயத்தில் சொன்னேன் என்று சொல்லலாம். அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது பயந்தவளின் சிரிப்பு இல்லை. 'அந்த மாதிரி ஆட்கள்' என்னும்போது என் மூக்கு சுளித்ததை யாரும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. டிவிக்காரன்கூட அதைப் போடாமல் விட்டிருக்கிறான்.

கதவருகில் ஸ்க்ரூ டிரைவரோடு இவர் நின்றுகொண்டிருந்தார். 'உங்களுக்குத் தெரியுமா இது?' என்றேன்.

'அன்னைக்கு மத்தியானமே பாத்தேனே, ரெண்டு தடவ.'

'ஏழு வருஷமா ஊர் முன்னால உங்களத் திட்டியிருக்கேன். ஏன் சொல்லல?'

'அவனுங்களையும் என்னையும் திட்டிட்டு இருக்கற வரைக்கும் நீ நிம்மதியா இருந்தே. அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்' என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கீழ்வீடு ஞாபகம் கிடையாது, என் திட்டில் கேட்டுத் தெரிந்ததுதான். ஆனால் அவள் ஆல்பத்தில் இரண்டாவது பிறந்தநாள் போட்டோ இருக்கிறது. கேக்குக்குப் பின்னால் அந்த அம்மா, மடியில் இவள், தலையில் அந்தக் குல்லா. படத்தை நிறுத்திவிட்டு, என் பர்த்டே போட்டோவில் இருக்கிற ஆண்ட்டி செய்த தொப்பிதானே அது, அப்படியென்றால் உனக்கு அவங்களைத் தெரியும்தானே, ஏன் நோ சொன்னே என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஸ்கிரீனில் நான் சிரித்தபடி உறைந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவங்க பாதிய வெட்டிட்டாங்கடா என்றுதான் முதலில் நாக்கில் வந்தது.